நீரிலிருந்து உரம்

வயலில் யூரியா தூவும் உழவர், அவ்வெண்மணிகளின் சத்து காற்றிலிருந்து வந்ததென எண்ணிப் பார்ப்பதில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. ஆயினும் நெற்பயிர் அதனை அப்படியே உண்ண இயலாது. 1909-ஆம் ஆண்டில் பிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மானிய அறிஞர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்தில் இணைத்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார்; 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் முதல் ஆலை இயங்கிற்று. (அடுத்த ஆண்டே போர் மூள, அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் போயிற்று, அது வேறு கதை.) இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இம்முறையைச் சார்ந்தது என மதிப்பிடுகின்றனர்.

நைட்ரஜன் காற்றில் கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு எங்கே போவது? பெரும்பாலான ஆலைகள் இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துச் சூடேற்றி அதனைப் பெறுகின்றன. விளைவு, ஒரு டன் அம்மோனியாவுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு. யூரியா செய்கையில் அவ்வாயுவில் ஒரு பகுதி பயன்படுகிறதே என வாசகர் கேட்கலாம். உண்மையே, ஆனால் யூரியா மண்ணில் சிதைந்ததும் அது மீண்டும் காற்றிலே கலந்துவிடுகிறது.

நீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தால் இந்தக் கரி இல்லை. இதனைப் புதுமை என்று பலர் கொண்டாடுவது எனக்கு வியப்பளிக்கிறது. நார்வேயின் ரியூக்கான் பள்ளத்தாக்கில் அருவி மின்சாரத்தைக் கொண்டு பல்லாண்டுகள் இவ்வாறே செய்தனர். நம் நாட்டிலும் பஞ்சாபின் நங்கல் உர ஆலை, 1960-களில் பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பிரித்தே அம்மோனியா ஆக்கியது! பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் மலிவாகத் தோன்றின. பழைய வழி கைவிடப்பட்டது.

2024-இல் நார்வேயின் போர்ஸ்குருன் நகரில் 24 மெகாவாட் திறனுள்ள நீர்ப்பகுப்பு ஆலை திறக்கப்பட்டது. அதன் ஹைட்ரஜனால் ஆண்டுக்கு 20,500 டன் அம்மோனியா செய்யலாம். உலகின் உற்பத்தியோ ஏறத்தாழ 18 கோடி டன்!

தடை எது? முதலில் மின்சாரம். ஒரு டன் அம்மோனியாவை இம்முறையில் ஆக்க ஏறத்தாழ 10,000 யூனிட் வேண்டும். இரு மாதங்களுக்கு 200 யூனிட் செலவிடும் இல்லம் எட்டாண்டுகளில் எரிப்பது அவ்வளவு. அடுத்து, சிலவகை நீர்ப்பகுப்புக் கலங்களுக்கு இரிடியம் என்ற மிக அரிய உலோகம் தேவை. அதனைக் குறைக்கவும் தவிர்க்கவும் ஆய்வாளர் முயல்கின்றனர்.

மூன்றாவது தடையே எனக்குச் சுவையானது. கதிரவன் மாலையில் மறைகிறான். காற்றாலை நின்று நின்று சுழல்கிறது. அம்மோனியா உலையோ 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இடைவிடாது இயங்க விரும்புவது. வீட்டு அடுப்பைப் போல் நினைத்தபோது அணைத்து மூட்ட இயலாது. பகலில் கிடைத்த ஹைட்ரஜனைத் தொட்டிகளில் சேர்த்து இரவுக்கு வைத்துக்கொள்வதா, அன்றி உலையையே வெயிலுக்கேற்ப ஏறியிறங்கப் பழக்குவதா என்பதில் வேதிப் பொறியாளர் இன்னும் உழைத்து வருகின்றனர்.