எது ஒழுக்கக்கேடு?

ஒருவரை 'ஒழுக்கங் கெட்டவர்' என்று ஊரார் தூற்றினால், அவர் செய்த குற்றம் யாதென்று விசாரிப்பார் இல்லை. ஸ்திரீ புருஷ சம்பந்தமான விவகாரம் அல்லது குடி என்று கேட்ட மாத்திரத்தில் யாவரும் தீர்மானித்து விடுகிறார்கள். ஒழுக்கம் என்னும் விரிந்த சொல்லை நமது பொதுஜன அபிப்பிராயம் அவ்வளவு குறுகிய சந்துக்குள் அடைத்து வைத்திருக்கிறது. வள்ளுவர் அவ்வாறு அடைக்கவில்லை. பிறனில் விழையாமையை வற்புறுத்திய அறத்துப்பாலிலேயே நடுவு நிலைமை, வெஃகாமை, கள்ளாமை ஆகியவற்றுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். பிறர் பொருளை விரும்புவதும் நடுநிலை பிறழ்வதும் அவர் கருத்தில் அறத்தினின்று வழுவுவதேயாம்.

வோட்டுக்குப் பணம் வாங்கும் வழக்கத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளிகள் என்று 1920-ஆம் ஆண்டிலேயே இந்தியன் பீனல் கோடில் விதி சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையிலும் அவ்விதி நீடிக்கிறது. ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. எனினும் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-இல் ராதாகிருஷ்ணன் நகரிலும், 2019-இல் வேலூரிலும் பண விநியோகத்தின் காரணமாகத் தேர்தல் கமிஷன் தேர்தலையே ரத்து செய்ய நேர்ந்தது. இதற்காகத் தமிழ் மக்கள் தலைகுனிந்தார்களா? இல்லை. பணம் பங்கிட்ட பிரமுகருக்கு மறுநாள் கல்யாண வீட்டில் முன் வரிசை நாற்காலி குறையவில்லை. அதே பந்தலில், ஜாதி விட்டு மணம் புரிந்த பெண்ணின் பெற்றோர் உட்கார இடம் தேடி நின்றிருப்பார்கள்.

நமது மக்களிடம் மனச்சாட்சி மாண்டு விட்டதென்று இதனால் நாம் சொல்ல வரவில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது. பணம் கொடுப்பவர்கள் விளக்கின் மீதும் கற்பூரத்தின் மீதும் குழந்தையின் தலை மீதும் சத்தியம் வாங்கிக் கொள்வதுண்டு. ஏன்? கை நீட்டி வாங்கிய பின் மாற்றிப் போடுவது பாவம் என்று ஏழை எளியவர்கள் அஞ்சுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாத அந்த நல்ல குணமே விலைச்சீட்டாகி விடுகிறது. வாங்கியதில் வெட்கமில்லை, வாங்கிய பின் மாறுவதில்தான் அச்சம். தர்ம உணர்ச்சி இருக்கிறது; ஆனால் அது தவறான வாசலில் காவல் நிற்கிறது! அதர்மத்துக்காக வாங்கப்பட்ட சத்தியம் எவரையும் கட்டாது என்பதை நாம் உறுதியாகச் சொல்வோம். அதனினும் மேலானது, அந்தப் பணத்தை வாசற்படி ஏற விடாமல் இருப்பது.

"நமது பணந்தானே நமக்குத் திரும்பி வருகிறது" என்று சமாதானம் கூறுவோர் உண்டு. திரும்பி வருவது ஒரு பங்கு. அதைக் காரணமாகக் கொண்டு எடுக்கப்படுவது பல பங்கு. ஏரி தூர் வாரும் காண்டிராக்டில், ஆஸ்பத்திரி மருந்தில், பள்ளிக்கூடச் சுவரில் அந்த நஷ்டம் ஈடு செய்யப்படுகிறது. கேள்வி கேட்கும் உரிமையும் அன்றே விலை போய் விடுகிறது. வறுமையால் கை நீட்டுபவரைவிட, அவ்வறுமையை முதலாக வைத்து வியாபாரம் நடத்துபவரே பெருங் குற்றவாளி. ஆகவே, நிந்தனை முதலில் அவர் மீதே பாய வேண்டும். ஏழையை ஏளனம் செய்துவிட்டு, தேர்தல் தினத்தன்று வோட்டுச் சாவடிப் பக்கமே போகாமல் வீட்டில் இளைப்பாறும் படித்த கனவான்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர்.

பொதுஜன அபிப்பிராயம் மாறாத கல்வெட்டன்று. தேவதாசி முறையை ஒழிக்க 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தபோது, ஒழிப்பதே தர்ம விரோதம் என்று வாதித்தவர்கள் இருந்தார்கள். 1947-இல் சட்டம் நிறைவேறியது. இன்று அம்முறைக்குப் பரிந்து பேச நா எழாது. 1939-இல் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களுடன் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் பிரவேசித்தபோது, புனிதம் கெட்டதென்று கூக்குரல் எழுந்தது. இன்று வெட்கத்துக்குரியது அந்தக் கூக்குரல்தான். வெட்கம் இடம் மாறியதும் நாடு ஒரு படி மேலேறியது.

வோட்டு வியாபாரத்திலும் வெட்கம் இடம் மாற வேண்டும். போலீஸும் பறக்கும் படையும் பணத்தைப் பிடிக்கலாம்; கௌரவத்தைப் பறிக்க ஊரால் மட்டுமே முடியும். பணம் பங்கிட்டவரைத் திருவிழாவிலும் சங்கங்களிலும் முன்னிறுத்துவதில்லை என்று ஒவ்வோர் ஊரும் தீர்மானிக்கட்டும். அடுத்த வீட்டாரின் அந்தரங்கத்தை ஆராய்வதில் நாம் காட்டும் கண்டிப்பில் பாதியைப் பொது வாழ்வின் மீது திருப்பினால் போதும். தாய்மார்கள் மனம் வைத்தால் இக்காரியம் ஒரே தேர்தலில் கைகூடும் என்பது நமது திடமான நம்பிக்கை.