மூளை ஸ்கேன் ஜாதகம் ஆகுமா?

போன மாதம் ஜாசினில் ஒரு கோயில் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். பேசி முடித்துக் கீழே இறங்கியதும் ஓர் அம்மா தயங்கித் தயங்கி அருகில் வந்தார். பத்து பெரண்டாமில் தொழிற்சாலை வேலை. தோட்டத்தை விட்டு வந்து மலிவு விலை வீட்டில் குடியிருக்கிறார். கணவர் சம்சு குடித்தே போய்ச் சேர்ந்தவர். ஒரே மகன், படிவம் இரண்டு.

"ஐயா, மூளையை ஸ்கேன் எடுத்தா, பிள்ளை பின்னால குடிகாரனா ஆவானா மாட்டானான்னு தெரிஞ்சிடுமாமே. போன்ல வீடியோ பார்த்தேன். கொஞ்சம் காசு சேர்த்து வச்சிருக்கேன். எங்க எடுக்கலாம்?"

கூட்டாளியின் பிறந்தநாளுக்குப் போன மகன் பியர் வாடையோடு திரும்பியிருக்கிறான். அன்றிலிருந்து பாட்டி ஓயாமல் சொல்கிறாராம்: "அப்பன் ரத்தம் வேற எப்படி இருக்கும்?"

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "நான் அப்பா மாதிரி ஆகமாட்டேன்னும் அதுல தெரியுமா, ஐயா?"

அன்று இருவருக்கும் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கேள்வி நம்மில் பல வீடுகளில் இருக்கிறது.

அந்த வீடியோ முழுப் பொய் இல்லை. இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 'இமேஜென்' என்ற ஆய்வு நடந்து வருகிறது. 14 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 2,000 பேரை ஸ்கேன் எடுத்து, அவர்கள் வளர வளரப் பின்தொடர்ந்தார்கள். அதன் ஒரு முடிவு 2014இல் 'நேச்சர்' இதழில் வந்தது. 14 வயதில் திரட்டிய விவரங்களைக் கொண்டு, 16 வயதில் யார் அளவுமீறிக் குடிப்பார்கள் என்று சுமார் 70 விழுக்காடு சரியாகக் கணிக்க முடிந்தது.

70 விழுக்காடு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய முப்பது பேரைப் பற்றிச் சொன்னது தவறு என்பதும் அதே கணக்குதான். குடிக்கவே போகாத பையனுக்குக் குடிகாரன் என்று முத்திரை விழும். குடிக்கப் போகிறவன் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இன்னொன்று, அந்தக் கணிப்பு மூளைப் படத்தை மட்டும் வைத்துச் சொன்னதல்ல. குடும்பம், குணம், வாழ்க்கையில் பட்ட அடிகள், மரபணு என்று சுமார் 40 விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 14 வயதுக்குள் ஓரிரு முறை மது குடித்திருப்பதும் அவற்றில் வலுவான ஓர் அறிகுறி. அதைத் தெரிந்துகொள்ள ஸ்கேன் வேண்டாம். கோபப்படாமல் பிள்ளையைக் கேட்டாலே போதும்.

2022இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, ஏறக்குறைய 50,000 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தது. மூளையின் அமைப்புக்கும் ஒருவரின் நடத்தைக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது நம்பகமாகத் தெரியும் என்பது அதன் முடிவு. ஆயிரம் பேரில் தெரிவதை வைத்து உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குப் பலன் சொல்ல முடியாது.

ஸ்கேன் எடுப்பதிலும் ஒரு சிக்கல். சத்தம் போடும் அந்தக் குழாய்க்குள் தலையை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் படம் கெட்டுவிடும். ஓரிடத்தில் நிற்காத துறுதுறு பிள்ளைகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை. அவர்களின் படம்தான் அதிகம் கெடுகிறது!

அப்படியானால் இந்த ஆய்வுகள் வீணா? இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமையில் இந்தியாவில் 'சி-வேடா' என்ற ஆய்வு நடக்கிறது. மைசூரு, கொல்கத்தா, இம்பால், சண்டிகர் உள்ளிட்ட இடங்களில் 6 முதல் 23 வயது வரை சுமார் 9,000 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குத்தான் ஸ்கேன். வறுமை, வீட்டுச் சண்டை, சுற்றுப்புறத்தில் உள்ள நச்சுப் பொருள்கள் என்று பிள்ளை வளரும் சூழலையும் சேர்த்தே பார்க்கிறார்கள். எந்தச் சூழல் பிள்ளைகளைக் கெடுக்கிறது, எங்கே உதவி வேண்டும் என்று ஓர் அரசாங்கத்துக்குச் சொல்ல இது பயன்படும். ஒரு தனிப் பையனுக்குத் தீர்ப்பு எழுத அல்ல.

பையனின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. மூளையில் யோசித்து நிதானிக்கும் முன்பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. இருபது வயதைத் தாண்டியும் அந்த வேலை நடக்கிறது. பதினான்கு வயது மூளை பாதி கட்டிய வீடு. அதைப் படம் எடுத்து, முடிந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்பாவின் குடிப்பழக்கம் பிள்ளைக்கு ஆபத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் அது விதி அல்ல. அதனால் அவனிடம் சொன்னேன்: "ஆவேன்னும் அதுல தெரியாது, ஆகமாட்டேன்னும் தெரியாது தம்பி. ஆனா மத்தவங்களைவிட நீ கூடுதல் கவனமா இருக்கணும்."

அம்மாவிடம் சொன்னவை மூன்று. அடுத்த முறை குடிப்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது. நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். அதை வீட்டுச் சட்டமாகவும் ஆக்குங்கள். அவன் மனம்விட்டுப் பேச ஒரு நல்ல பெரியவர், மாமாவோ ஆசிரியரோ, பக்கத்தில் இருக்கட்டும். பிறகு, "அப்பன் மாதிரியே" என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். தினமும் அதையே கேட்கும் பிள்ளை ஒருநாள் அதை நம்பிவிடுவான்.

போன வாரம் அந்த அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஸ்கேனுக்கு வைத்திருந்த காசில் கொஞ்சம் எடுத்து மகனுக்குப் பந்து விளையாட பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாராம். பாட்டியிடமும் பேசிவிட்டாராம். பாட்டி இரண்டு நாள் கோபமாக இருந்தாராம். மூன்றாம் நாள், பேரன் விளையாடுவதைப் பார்க்கத் திடலுக்குப் போனாராம்.