பனிச்சரிவும் சோழகமும்

பனி என்னும் சொல்லைத் தமிழர் ஆதியில் வழங்கியது விடியற்காலையில் புல்நுனியில் தங்கும் நீர்த்துளிக்கே. முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுது இரண்டிற்கு அதன் பெயரை இட்டோம். இமயத்தைப் பாட்டில் வைத்தோம். ஆயினும் ஐந்திணையுள் உறைபனிக்கென்று ஒரு நிலத்தை வகுத்தோமல்லோம். அதற்கொரு தேவையும் எழவில்லை. இன்றோ புங்குடுதீவிலும் அயற்றீவுகளிலும் பிறந்தோர் பெருந்தொகையாகச் சுவிற்சர்லாந்தில் வாழ்கின்றனர். சோழகம் என்றால் எதுவென்று அறியுமுன்பே அவர்தம் பிள்ளைகள் பனிச்சரிவு என்றால் எதுவென்று அறிந்துவிடுகின்றனர்.

பேர்ண் நகரில் வாழும் என் மருமகன் ஒரு மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். நெடுந்தீவுக்குப் போவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருவரும் காலையிலேயே போய் நின்றோம். எம்மோடு ஆசிரியைகள் சிலர், கைக்குழந்தையுடன் ஒரு தாய், மருந்துப் பொட்டலத்துடன் ஒரு முதியவர். வாடை வீசிக்கொண்டிருந்தது. படகு ஓடாது என்றார் ஒருவர். ஏனென்று கேட்டோம், கடல் சரியில்லை என்றார். அதற்குமேல் அவரிடம் விடையில்லை. ஒரு மணி நேரங் கழித்து, அதே கடலில், அதே காற்றில், முன்னதிலும் சிறிய வள்ளமொன்று ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஆசிரியைகள் அதில் ஏறினர். முதியவரும் ஏறினார். நாம் ஏறவில்லை. எங்கள் முடிவு சரியா, அவர்களுடையது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அறியாமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

திரும்பும் வழியில் மருமகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். சுவிஸ் மலைகளின் பனிச்சரிவு அறிக்கை அது. டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃபுளூயோக் என்னும் உயரத்தில் 1936இல் சிலர் ஒரு குடிசை அமைத்துப் பனியை ஆராயத் தொடங்கினர். 1945 முதல் அங்குள்ள நிறுவனம் பொதுமக்களுக்கு அறிக்கை வெளியிட்டு வருகின்றது. 1951ஆம் ஆண்டு மாரியில் அந்நாட்டில் மட்டும் 98 பேர் பனிச்சரிவில் மாண்டபின் அந்தப் பணி மேலும் விரிந்தது. 1993இல் ஐரோப்பிய நாடுகள் கூடி, ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்தன. இப்பொழுது மாரியில் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் அறிக்கை வருகின்றது. ஏறத்தாழ 200 அவதானிகள் மலைக்கிராமங்களிலிருந்து அதற்குத் தகவல் தருகின்றனர்.

அவ்வறிக்கையில் என்னைக் கவர்ந்தது படியின் எண்ணன்று. எந்தத் திசை நோக்கிய சரிவில், எந்த உயரத்திற்கு மேல், எக்காரணத்தால் ஆபத்து என்று அது விளக்குகின்றது. அடியிலுள்ள பழைய பனி குளிரிலே சீனிமணிபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் காற்று புதுப்பனியை வாரிக்கொணர்ந்து பலகைபோல் இறுக்கி வைக்கும். முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவன் அப்பலகைமீது காலை வைத்தால், அடியிலுள்ள உதிரி நொறுங்க, பலகை முழுவதும் அவனோடு இறங்கும். மாண்டோரிற் பெரும்பாலோர் தாமோ தம் தோழரோ கிளப்பிய சரிவிலேயே மாண்டவர்கள். மூடுண்டவனைக் கால்மணி நேரத்துள் தோண்டி எடுக்காவிடில் நம்பிக்கை விரைவிற் குன்றிவிடும். ஆக, அங்கும் காற்றே முதற் குற்றவாளி. தீவார்க்கு இது புதிய செய்தியன்று.

அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. மிகப் பலர் மாள்வது ஐந்தாம் படியிலன்று, மூன்றாம் படியிலேயே. ஐந்தாம் படியன்று பாதைகளை மூடுவர், எவரும் மலையேறார். மூன்றாம் படியன்று வானம் தெளிந்திருக்கும், பனி பளபளக்கும், போகலாம்போல் இருக்கும், போவார்கள்.

எமது கடலையும் இப்படியே எண்ணிப் பாருங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் போன்ற ஒன்று வருமென்றால் குறிகட்டுவானில் எவர் வள்ளம் அவிழ்ப்பர்? அஞ்சவேண்டியது நடுத்தரமான நாளை. நயினை நாகபூஷணி அம்மன் திருவிழா ஆனியில் வருகின்றது; சோழகம் ஓங்கி வீசுவதும் அப்பொழுதே. வானத்தில் மேகமில்லை, துறையிலே சனம் நெருக்குகின்றது, கடல் ஓடத்தக்கது போலவே தோன்றுகின்றது. பாக்குக் கடல் ஆழங் குறைந்தது. வெளிக்கடலின் நீண்ட அலைபோல் இங்கு அலை உருண்டு வராது; குட்டையாய், செங்குத்தாய், ஒன்றன்மேலொன்றாய் வந்து மோதும். நீரோட்டம் காற்றுக்கு எதிரே ஓடும்போது அது இன்னும் செங்குத்தாகும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது.

வானிலை அறிக்கை வருகின்றதே என்பீர்கள். வருகின்றது. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்று இவ்வளவு வேகத்தில் வீசும் என்று அது சொல்கின்றது. நாட்டுக்கு அது போதும். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஒரு மணி நேரம் ஓடவேண்டியவளுக்கு அது போதாது. ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் போவோர் நிலையும் இதுவே. எந்த வள்ளம், எத்தனை பேருடன், எத்தனை மணிக்குள் என்று சொல்பவர் இல்லை.

படிப்படியான எச்சரிக்கை எம் நாட்டுக்கு அந்நியமன்று. மலையகத்தில் மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் அறிவித்தல் தருகின்றது. ஆயினும் எச்சரிக்கை மட்டும் உயிரைக் காக்காது என்பதற்கும் மலையகமே சாட்சி. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. ஆபத்தான இடமென்று முன்பே அடையாளங் கண்ட இடந்தான் அது. வாழ்ந்தோர் அங்கேயே வாழ்ந்தனர். போவதற்கு வேறிடம் இல்லாதவனுக்கு நிறம் என்ன செய்யும்?

சியாச்சினிலும் அதே கதை. 2016 பெப்ரவரி 3இல் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர் பனியுள் புதைந்தனர். அவருள் தமிழ்நாட்டவரும் இருந்தனர். ஒருவரை ஆறு நாட்களின் பின் உயிரோடு எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. மலையேறுவோன் விரும்பாவிடில் வீட்டிலிருக்கலாம். காவலுக்கு நிறுத்தப்பட்டவன் அங்கே நின்றேயாகவேண்டும். நெடுந்தீவுப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை இவ்விருவருள் யாரை ஒத்தவள்? அவள் ஏறாவிடில் அன்று வகுப்பில்லை. அவள் கணக்கில் ஒரு நாள் விடுமுறை கழியும். அக்கரையில் நோயாளியின் நிலை இன்னும் கடினம்.

ஆதலால் அறிக்கையோடு ஓர் ஏற்பாடும் வேண்டும். மூன்றாம் படியென்று அறிவித்த நாளில் சிறு வள்ளங்கள் நிற்கவேண்டும். பெரும்படகு குறைந்த ஆட்களுடன், காற்று எழுமுன் ஓடவேண்டும். அங்கி அணியாதவர் ஏறலாகாது. வரமுடியாத ஆசிரியருக்கு அந்நாள் கடமைநாளாகவே கொள்ளப்படவேண்டும். இப்படி எழுதி வைத்தால் ஓட்டிகள் மூன்றாம் படியை அனுமதிச்சீட்டாகக் கொள்வர் என்று நண்பரொருவர் வாதித்தார். இருக்கலாம், சுவிசிலும் அப்படியே கொள்கின்றனர் என்பதை மேலே கண்டோம். ஆனால் ஒன்றுமே எழுதாத இன்று, ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஓட்டியின் முகமே அறிக்கையாக இருக்கின்றது.

அவன் முகத்தை நான் இகழவில்லை. அவன் அறிவு பெரிது. என் சிறுபிராயத்தில் கண்ட முதிய ஓட்டியொருவர் நீரின் நிறம் மாறுவதைக் கண்டே பாயைத் தாழ்த்துவார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு நாற்பெயர் வைத்த மக்கள் நாம். அந்த அறிவு ஓட்டியின் தலையோடு கரைந்துபோகாமல், நாள்தோறும் எழுத்தில் ஏறவேண்டும் என்பதே என் வழக்கு. டாவோசிலும் கருவிகள் மட்டும் பேசவில்லை. கிராமத்து அவதானியும் பேசுகின்றான்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. துறையில் ஒரு காற்றுமானி, ஒரு கரும்பலகை, அனுபவமுள்ள ஓட்டிகள் இருவர், அவர்கள் சொல்வதைக் காரணத்தோடு எழுத ஒருவர். எழுதத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. வாடையிலும் சோழகத்திலும் விடியுமுன்பே அவர்கள் அத்துறையில் வந்து, கையிற் கொப்பிகளுடன் படகுக்குக் காத்து நிற்கின்றனர்.