தாழ்ந்த ஒலிக்கு இரு வழி வேண்டுமோ?

மோட்டார் வண்டியில் இசை கேட்க விழையும் இளைஞர்க்கு இக்காலத்து எழும் வினாக்களுள் ஒன்று, சப்வூஃபரை ஸ்டீரியோவாக அமைப்பதோ மோனோவாக அமைப்பதோ என்பது. கேட்பதற்குச் சிறிய வினாவே. ஆயினும், முதற் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பொருள் எவ்வழிச் செல்லும் என்பது இதனைப் பொறுத்திருத்தலின், விளையாட்டாகத் தள்ளிவிடுதல் தகாது. "காது இரண்டு, ஆதலின் ஒலியும் இரு வழியாக வருதலே முறை" என்பர் ஒரு சாரார். இவ்வாதம் மேற்போக்கில் இனிது, ஆராயின் நில்லாது. வண்டிக்குள் மோனோவே தக்கது என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஒருவாறு கூறுவல்.

முதற்கண் ஸ்டீரியோ என்பது யாதென அறிதல் வேண்டும். ஆங்கில நாட்டு அறிஞர் ஆலன் புளூம்லைன் என்பார் 1931ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். இடத்தும் வலத்தும் வெவ்வேறு ஒலிகளை அனுப்பி, வீணை இப்பக்கம், மிருதங்கம் அப்பக்கம் எனக் கேட்போன் உணருமாறு செய்தலே இதன் பயன். எனவே, திசையுணர்ச்சி உள்ளவிடத்து ஸ்டீரியோவுக்கு வேலை உண்டு. அஃதில்லாவிடத்து இரு வழி வகுத்தல் வீண்.

நம் இசைநூலார் குரலை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர். சப்வூஃபர் ஒலிப்பதோ மெலிவின் கடைப்படியும் அதற்குக் கீழுமாம். அத்துணைத் தாழ்ந்த ஒலியின் திசையைச் செவி அறியுமோ? செவி திசையறியும் முறையை 1907இல் ராலே பிரபு விளக்கினார். உயர்ந்த ஒலியின் அலை குறுகியது. தலை அதனை மறைத்தலின் ஒரு காதில் உரத்தும் மற்றொன்றில் மெலிந்தும் கேட்கும். தாழ்ந்த ஒலிக்கு இம்மறைப்பு இல்லை; இரு காதையும் அது வந்தடையும் கால வேற்றுமை ஒன்றே துணை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். 80 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 4.3 மீட்டர், 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 8.6 மீட்டர். மனிதத் தலையின் அகலமோ ஒரு சாணுக்குள் அடங்கும். 40 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை எழுந்து அடங்க 25 மில்லி நொடியாகும். இரு காதுகளுக்கிடையே நேரும் வேற்றுமை ஒரு மில்லி நொடியினுங் குறைவு. திறந்த வெளியில் இச்சிறு வேற்றுமையும் ஓரளவு உதவலாம். கண்ணாடியிலும் கூரையிலும் மோதி மீளும் ஒலிகளுக்கு நடுவே அஃது எங்ஙனம் பிழைக்கும்?

அன்றியும், வண்டியின் உள்ளறைக்கு இயல்பு ஒன்று உண்டு. அறையின் நீளத்தினும் அலை மிக நீண்டதாயின் அலை ஓடுதற்கே ஆங்கு இடமில்லை. துருத்திக்குட்பட்ட காற்றைப் போல, உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒருங்கே அழுந்தி ஒருங்கே தளரும். அந்நிலையில் இடப்பக்கம் ஏது? வலப்பக்கம் ஏது? டிக்கியின் இரு மூலைகளில் இரண்டு பெட்டிகளை வைப்பினும் காதிற் சேர்வது ஒன்றே.

நிற்க, பதிவு செய்வோர் வழக்கமும் இதற்கு அரணாகின்றது. 1958 முதல் கடைகளுக்குப் பரவலாக வந்த ஸ்டீரியோ இசைத்தட்டுகளில், இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி முள்ளைப் பக்கவாட்டிலும், வேறுபட்ட ஒலி மேலுங்கீழுமாகவும் அசைக்கும். தாழ்ந்த ஒலி பெரிதும் வேறுபடின் முள் தடத்தை விட்டுத் துள்ளும். ஆதலின் அதனை நடுவே நிறுத்தும் வழக்கம் வேரூன்றிற்று. இன்றைய பாடல்களுள்ளும் பெரும்பாலனவற்றில் அவ்வாறே காண்கின்றோம். பதிவிலேயே ஒன்றாயிருப்பதைப் பெட்டியில் இரண்டாக்குதல் எவ்வாறு?

செலவுக் கணக்கும் இதனையே கூறும். இரண்டு சப்வூஃபர்களை ஸ்டீரியோவாகப் பிரித்தால், ஒரு பக்கத்தில் மட்டும் முழவொலி வருங்கால் மற்றது வாளாவிருக்கும். இரண்டுக்கும் ஒரே ஒலியைத் தந்தால் இரண்டும் ஒருங்கியங்கும். ஒன்று தனித்து ஒலிப்பதைவிட ஏறக்குறைய 6 டெசிபல் மிகும். தொடர்பற்ற இரு ஒலிகளாயின் மிகுவது 3 டெசிபலே.

மறுதலையார் கூற்றிலும் உண்மை இல்லாமற் போகவில்லை. பெரிய மண்டபங்களில் தாழ்ந்த ஒலி இரு காதிலும் சிறிது வேறுபடுதல் விசாலமான உணர்ச்சியைத் தரும். வண்டி மண்டபமன்று. இரு பக்கத்து ஒலிகளும் எதிரெதிராய்ப் பதிந்திருப்பின், கூட்டுங்கால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதும் மெய்யே. ஆயின் அத்தகைய பதிவு அருகியே காணப்படும். கதவிலுள்ள ஸ்பீக்கர்கள் மிகச் சிறியனவாய், சப்வூஃபரை 150 ஹெர்ட்ஸ் வரை பாடச் செய்ய நேரின் திசை தெரியத் தொடங்கும். அங்கே ஸ்டீரியோவுக்கு நியாயம் உண்டு. ஆயினும் அதற்கு நன்மருந்து கதவு ஸ்பீக்கரைத் திருத்துதலும், கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்துதலுமே.

ஏற்கெனவே இரு சானல் ஆம்ப்ளிஃபையர் உடையார் புதியது வாங்க வேண்டுவதில்லை. இரு வழிக்கும் ஒரே ஒலியைக் கொடுத்தாற் போதும். இரண்டையும் பிரிட்ஜ் முறையில் இணைப்போர் மட்டும் ஓம் கணக்கை நோக்குதல் வேண்டும். 4 ஓம் சப்வூஃபர் ஒன்றே, ஒவ்வொரு சானலுக்கும் 2 ஓம் சுமையாகத் தோன்றும். 4 ஓம் சப்வூஃபர் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் அது 1 ஓமாகும். பெரும்பாலான இரு சானல் கருவிகள் அதனைத் தாங்கா.

ஆகலின், வாங்கப் புகும் நண்பர்காள், விற்போர் சொல்லையோ என் சொல்லையோ கண்மூடி ஏலாதீர். கண்ணைக் கட்டிக்கொண்டு, நண்பர் ஒருவரை ஒலியளவை நிகராக்கி மாற்றி மாற்றி இயக்கச் சொல்லிக் கேண்மின். வேற்றுமை புலப்படுமேல் அதற்குப் பொருள் கொடுமின். புலப்படாதேல், அப்பொருள் உம் பையிலேயே இருத்தல் நன்று. செவி அறியாத இன்பத்துக்கு விலை கொடுத்தல் பெருமையை வாங்குதலேயன்றி இசையை வாங்குதல் ஆகாது.