டூவீலருக்கு ஒரு நியாயம், சொகுசு காருக்கு ஒரு நியாயமா?

தோழர்களே, ஒரு லட்சம் ரூபாய்க்குள்ள ஒரு பைக் வாங்குறீங்க. 10 சதவீத வாழ்நாள் வரி கட்டாம நம்பர் கிடைக்குமா? "பாக்கியை அப்புறம் கட்டுறேன்"னு ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லித்தான் பாருங்களேன்!

கோடிக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுக் கார் இறக்கியவர்கள் சிலர் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டின் 1990-ஆம் ஆண்டு நுழைவு வரிச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் போனார்கள். "சுங்க வரி கட்டிட்டோமே, இது வேற எதுக்கு?" என்பது வாதம். ஆசைக்குக் கார் வாங்குவது தப்பில்லை. கோர்ட்டுக்குப் போவதும் உரிமைதான்.

ஆனால் இறக்குமதிப் பொருளுக்கும் மாநிலங்கள் நுழைவு வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அப்படியும் 2012-ல் போட்ட ஒரு வழக்கு 2021-ல்தான் தள்ளுபடியானது. ஒன்பது வருஷம்! அதுவரை வரியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிவிட்டு கார் ஜம்முனு ரோட்டில் ஓடியது.

ஜிஎஸ்டி வந்ததும் நுழைவு வரி போய்விட்டது. பழைய பாக்கி போகவில்லை. யாரிடம் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்ற பட்டியலை வணிகவரித் துறை உடனே வெளியிட வேண்டும். வட்டிக் கணக்கோடு.