கப்பலில் மேல் டெக் என்றால் உசத்தி இல்லை மக்களே!

1/ கப்பல் சுற்றுலா புக் பண்ணப் போறீங்களா? அதுவும் வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்த இழையைக் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. கேபின் எந்த இடத்தில் இருக்கு என்பது வசதி பற்றிய கேள்வி மட்டும் இல்லை, உடம்பு பற்றிய கேள்வியும்கூட.

2/ 2022 ஜூனில் சென்னையிலிருந்து கொர்டேலியா கிளம்பியதிலிருந்து, கப்பல் பயணம் நம்ம ஊர் நடுத்தரக் குடும்பமும் ஆசைப்படுற விஷயம் ஆயிடுச்சு. நல்லது, போங்க. என் கோபம் பயணத்தின் மேல் இல்லை. ஏஜென்டுகளும் ரீல்ஸ் போடுறவங்களும் கேபினை விற்கிற விதத்தின் மேல்தான்.

3/ அவங்க சொல்றது மூணு:
"மேல போகப் போக உசத்தி சார்."
"முன்பக்கம் எடுங்க, வியூ அள்ளும்."
"குமட்டினா ஒரு மாத்திரை போட்டுக்கலாம்."
ஒவ்வொண்ணா பார்ப்போம்.

4/ பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கீங்களா? வேகத்தடையில் ஏறி இறங்கும்போது தலை கூரையில் இடிக்கும். அதே பஸ்ஸில் நடு சீட்டுக்காரர் தூங்கிக்கிட்டு வருவார். கப்பலும் அப்படித்தான். அலையில் முன்முனையும் பின்முனையும் சீசா பலகை மாதிரி ஏறி இறங்கும். நடுப்பகுதி குறைவாகத்தான் அசையும்.

5/ கப்பல் பக்கவாட்டில் சாயும்போது உயரம் கணக்கு. தென்னை மரத்தின் அடி அசையாது, உச்சிதான் ஆடும். ஆகவே உச்சி டெக்கில், முன்முனையில் இருக்கிற அறை அதிகம் ஆடும். கீழே, நடுவில் இருக்கிறது குறைவாக ஆடும். பல கப்பல்களில் அதிகப் பணம் கொடுத்து வாங்குறது அந்த ஆட்டத்தைத்தான்!

6/ "இப்பல்லாம் ஸ்டெபிலைசர் இருக்கு டாக்டர்" என்பார்கள். இருக்கு. கப்பலின் இரு பக்கமும் தண்ணிக்குள் நீட்டும் துடுப்பு மாதிரியான அமைப்பு அது. பக்கவாட்டுச் சாய்வை நல்லாவே குறைக்கும். முன்முனையும் பின்முனையும் ஏறி இறங்குறதை அது பெருசா ஒண்ணும் செய்யாது.

7/ இப்ப மாத்திரைக்கு வருவோம். பலர் பையில் வச்சிருக்கிறது டொம்பெரிடோன் அல்லது ஒன்டான்செட்ரான். வேறு வகை வாந்திக்கு இவை உதவலாம். கடல் குமட்டலுக்குப் பெரிதாகப் பயன் இல்லை. காரணம், பிரச்சினை தொடங்குறது வயிற்றில் இல்லை. உள்காது "அசையுது"ங்குது, கண் "அசையலையே"ங்குது. இந்தச் சண்டையில் மூளை குழம்புவதுதான் குமட்டல்.

8/ வேலை செய்யும் மருந்துகள் வேறு: புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் போன்றவை. அதையும் குமட்டல் வரும் முன்னாடியே போடணும். ஆனா வயசானவங்களுக்கு இதில் மயக்கம், குழப்பம், தடுமாறி விழுவது எல்லாம் வரலாம். புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைச்சுக்கலாம். சிலவகை கண் அழுத்த நோய்க்காரர்களுக்கு ஆபத்து.

9/ அதாவது, மருந்து யாருக்குச் சிக்கலோ, அவங்களுக்குத்தான் கேபின் இருக்கும் இடம் முதல் மருந்து. இதை விற்கிறவர் யாராவது கேட்கிறாரா? "பெரியவருக்கு என்ன வியாதி இருக்கு?"ன்னு ஒரு கேள்வி? கிடையாது. "பால்கனி வேணுமா?" அதோடு சரி.

10/ வயசானால் கடல் குமட்டல் வருவது குறையும், உண்மைதான். ஆனால் வந்தால் விளைவு பெரிசு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துட்டு, சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து போகும். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுறவர் நாள் முழுக்க வாந்தி எடுத்தால் சிறுநீரகம் அடி வாங்கும். நடுக்கடலுக்கு 108 வராது.

11/ "ரூம்ல தூங்க மட்டும்தானே போறோம், எதுவா இருந்தா என்ன?" நல்லா இருக்கும்போது சரி. முடியாமல் போனால் அந்த கேபின்தான் உங்க வார்டு. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,700க்கும் மேற்பட்டோர் இருந்தாங்க. பயணிகள் நாள்கணக்கில் அறைக்குள்ளேயே. ஜன்னலே இல்லாத உள் அறையில் இருந்தவங்களை நினைச்சுப் பாருங்க.

12/ அடுத்தது "கேரண்டி கேபின்". பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. அறையின் வகைக்குத்தான் கேரண்டி, இடத்துக்கு இல்லை. கப்பல்காரர் எங்கே தள்ளுறாரோ அங்கேதான். இளசுகள் நாலு பேர் சேர்ந்து போனா மலிவா எடுத்துக்கோங்க. முழங்கால் வலிக்கார அம்மாவுக்கு எடுக்காதீங்க.

13/ சரி, எதை எடுக்கணும்?
- கீழ் அல்லது இடை டெக், கப்பலின் நடுப்பகுதி.
- முடிந்தால் ஜன்னல். தொடுவானத்தைப் பார்த்தால் குமட்டல் குறையும்.
- லிஃப்ட் பக்கத்தில், ஆனால் அதன் வாசலிலேயே வேண்டாம்.
- தலைக்கு மேலே நீச்சல் குளமோ டிஸ்கோவோ இருக்கக் கூடாது. டெக் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

14/ நடக்கச் சிரமப்படுறவங்களுக்கு இன்னொன்று. ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, படிதான். அதனால் கேபினிலிருந்து, அவசரத்தில் கூடச் சொல்லும் இடத்துக்கு எத்தனை படி என்று முதல் நாளே பாருங்க. 2012இல் கோஸ்டா கான்கார்டியா சாய்ந்தபோது 32 பேர் இறந்தாங்க. பாதுகாப்புப் பயிற்சியை செல்ஃபி எடுத்துக் கழிக்காதீங்க.

15/ கிளம்பும் முன், வாந்தி வந்தா எந்த மாத்திரையை நிறுத்தணும், எதை நிறுத்தவே கூடாதுன்னு உங்க டாக்டரிடம் எழுதி வாங்கிக்கோங்க. இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க. ஓஆர்எஸ் நாலு பாக்கெட் பையில் இருக்கட்டும்.

16/ கீழ் டெக் என்றதும் "சீப்பா எடுத்துட்டான்"னு சொந்தக்காரங்க பேசுவாங்களேன்னு யோசிக்கிறீங்களா? பேசட்டும். உச்சி பால்கனியில் வாந்தி பையோட உட்கார்ந்திருப்பதைவிட, கீழே நிம்மதியா இட்லி சாப்பிடுறது மேல். புக் பண்ணப்போற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு அனுப்புங்க.