தடுப்பவனின் கூலி

விளையாட்டுச் செய்திக்குத் தலைப்பிடும்போது, புள்ளி பெற்றவரின் பெயரையே பத்திரிகைக்காரர்களாகிய நாம் தேடுகிறோம். எதிரணியைத் தடுத்தவரின் பெயர் பெரும்பாலும் கடைசிப் பந்தியில்தான் வரும். விருதுகளும் இதே வழியில்தான் சென்றிருக்கின்றன. கனடிய உதைபந்தாட்ட லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது 1953 முதல் வழங்கப்படுகிறது. தற்காப்பு ஆட்டத்துக்காக மட்டுமே அதை ஒருவர் பெறுவதற்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பி.சி. லயன்ஸ் அணியின் லைன்பேக்கர் சொலமன் எலிமிமியன்.

பெயரில் உதைபந்து இருந்தாலும் இது றக்பிக்கு நெருங்கிய ஆட்டம். ஓரணிக்கு 12 பேர். பந்தை வைத்திருக்கும் அணி மூன்று முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேற வேண்டும். தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நின்று, எதிரணியின் எண்ணத்தைக் கணித்து, பந்தோடு ஓடி வருபவரை மோதி வீழ்த்துவது லைன்பேக்கரின் வேலை. அந்த மோதலை அவரது உடலும் தாங்க வேண்டும்.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஆடிய எலிமிமியனை 2009 தேர்வில் எந்த அமெரிக்கக் கழகமும் தெரிவு செய்யவில்லை. 2010இல் கனடா வந்து சிறந்த புதுமுக வீரரானார். 2011இல் கிரே கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 2014இல் 143 தடவை எதிரணியினரை வீழ்த்திச் சாதனை படைத்தார். 2015இல் குதிநாண் அறுந்தது. மீண்டு வந்து 2016இல் சிறந்த தற்காப்பு வீரரானார். 2017இல் 144 எனத் தன் சாதனையைத் தானே முறியடித்தார். 2018இல் மணிக்கட்டுக் காயம் அவரது பருவத்தைக் குலைத்தது. 2019இன் தொடக்கத்தில் லயன்ஸ் கழகம் அவரை விடுவித்தது.

சட்டப்படி அதில் பிழையில்லை. ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் இல்லாததே அந்த லீக்கின் வழமை. கனடாவின் பல மாகாணங்களில் தொழிலாளர் நட்டஈட்டுத் திட்டமும் தொழில்முறை வீரர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. இது அமெரிக்க லீக்கைப் போலச் செல்வம் கொழிப்பதன்று என்று கழகங்கள் சொல்வது உண்மையே. ஆனால் வருமானம் குறைவென்றால், அதன் சுமையைக் காயம்பட்ட உடலே ஏன் சுமக்க வேண்டும்?

எலிமிமியன் 2020இல் வீரர் சங்கத்தின் தலைவரானார். 2022 மே மாதம், 1974க்குப் பின் முதன்முறையாக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு நாட்களில் இணக்கம் எட்டப்பட்டது. அதை வாக்கெடுப்பில் வீரர்கள் நிராகரிக்க, திருத்திய உடன்பாடே நிறைவேறியது. மூத்த வீரர் சிலரின் ஒப்பந்தங்களுக்கு முதன்முறையாகப் பகுதி உத்தரவாதம் கிடைத்தது. அது முழு நீதியன்று. ஆனால் இனி அதிலிருந்து பின்வாங்குவது எளிதன்று.

2023இல் அவரது பெயர் கனடிய உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. அங்கே 144 என்ற எண்ணைப் பலரும் வியப்பார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரியது, அடுத்து வரும் வீரனின் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு வாசகம்.